டெர்மினேட்டர் வில்லன்களில் உங்களை அதிகம் மிரட்டியது யார்?

பழையசுருள்:
முதல் இரண்டு பாகங்களையும் (1984, 1991) மறுபடி பார்த்தேன். இரண்டாம் பாகத்தின் வில்லன் இயந்திரமான டி-1000 என்றாலே உருகி ஓடும் உலோகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னை உலுக்கியது மனநல மருத்துவமனையின் கம்பிக் கதவு. முகம் கம்பிகளுக்கிடையே பிதுங்கி மறுபக்கம் ஒட்டிக்கொள்கிறது. உடம்பு கடந்துவிட்டது, துப்பாக்கி மட்டும் கம்பியில் தட்டி நின்றுவிடுகிறது. எரிச்சலோ பதற்றமோ இல்லை. மணிக்கட்டை லேசாகத் திருப்பி, துப்பாக்கியைச் சாய்த்து இழுத்துக்கொண்டு நடக்கிறான். துப்பாக்கி போன்ற சிக்கலான பொறியாக அவனால் மாற முடியாது என்று படம் முன்பே சொல்லிவிடுகிறது. அந்த விதியை வசனமே இல்லாமல் நினைவூட்டும் நொடி அது. உங்களுக்கு எந்தக் காட்சி?

ஒலிப்பித்தன்:
அதே காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கம்பிகளைக் கடக்கும் அந்தக் கொழகொழச் சத்தம், டப்பாவிலிருந்து நாய்த் தீனி வழுக்கி விழும் சத்தம்! ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராமின் கைவேலை. படம் வாங்கிய 4 ஆஸ்கர்களில் இரண்டு ஒலிக்கானவை.

எலும்புக்கூடு84:
மன்னிக்கவும், என் ஓட்டு முதல் பாகத்தின் வில்லன் இயந்திரத்துக்கே. லாரி வெடித்து, தோலெல்லாம் கருகி, நெருப்புக்குள்ளிருந்து வெறும் எலும்புக்கூடாக எழுகிறதே, அதற்கு ஈடு எது? உடம்பு பாதியாய்ப் போன பிறகும் கையை ஊன்றித் தவழ்ந்து வருகிறது. அது நடக்கும் இடங்களில் ஸ்டாப்-மோஷன் (பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் முறை) உதறல் தெரியும்தான். நொண்டும் இயந்திரம் அப்படித்தானே நடக்கும்!

இரவுவாசகி:
தொலைபேசிக் காட்சியை எப்படி விட்டீர்கள்? சிறுவன் ஜானின் வளர்ப்புத் தாயின் உருவில் டி-1000 கொஞ்சிப் பேசுகிறான். இவள் இவ்வளவு அன்பாகப் பேசுகிறவள் இல்லையே என்று ஜானுக்கு உறுத்துகிறது. உடனே அவனைக் காக்க வந்த இயந்திரமான டி-800 தொலைபேசியை வாங்கி ஜானின் குரலில் பேசி, நாயின் பெயரை வேண்டுமென்றே மாற்றிக் கேட்கிறது. ஆக, இரு முனையிலும் இயந்திரங்கள், இரண்டும் பேசுவது களவாடிய குரலில்! அதற்குள் மறுமுனையில் ஒரு கை கத்தியாக நீண்டு, பால் அட்டைப்பெட்டியையும் வளர்ப்புத் தந்தையின் வாயையும் துளைத்திருக்கிறது. குரலில் மட்டும் அதே குழைவு.

பழையசுருள்:
இரவுவாசகி, அதைக் குறிப்பிடாமல் விட்டது என் குற்றமே. கூட்டத்தில் கரைந்துபோகும் சாதாரண ஆள்தான் இயந்திரமாக வரவேண்டும் என்பது இயக்குநர் கேமரூனின் ஆரம்பகால எண்ணம். நடிகர் லான்ஸ் ஹென்ரிக்சனை மனத்தில் வைத்திருந்தார். அர்னால்டு வந்ததும் முதல் பாகத்தில் அது கைவிடப்பட்டது. டி-1000ஆக நடித்த ராபர்ட் பேட்ரிக்கிடம் அந்த எண்ணம் கைகூடிவிட்டது. வாயைத் திறக்காமல், மூக்கால் மட்டும் மூச்சுவிட்டு ஓடப் பழகினார் அவர். பைக்கைத் துரத்தும்போது முகத்தைப் பாருங்கள், களைப்பே தெரியாது.

எலும்புக்கூடு84, நெருப்பிலிருந்து எழும் காட்சிக்கு நானும் அடிமை. ஆனால் அது வந்தால் பத்துத் தெரு தள்ளியே தெரிந்துவிடும், ஓடிவிடலாம். 2003இல் வந்த மூன்றாம் பாகத்தின் பெண் இயந்திரம் டி-எக்ஸ்? உடம்புக்குள்ளேயே ஆயுதங்கள் வந்துவிட்டன, பயம் போய்விட்டது. அவளுக்காக வாதாட யாராவது இருக்கிறீர்களா?