கம்பளையிலிருந்து பதுளைக்கு: கொட்டகலைக் குடும்பக் குழுவில் ஒரு சப்பாத்துப் பேச்சு

வெள்ளி, இரவு 7.10

கிருஷா: ராஜூ மாமா இருக்கிறீர்களா? பயணத்துக்குப் பழகலாம் என்று நேற்று ஹட்டனிலிருந்து நானுஓயா வரை சைக்கிள் மிதித்துப் போனோம். மூச்சு, முழங்கால் எல்லாம் சரி. பாதம்தான் பிரச்சினை. ஒரு மணித்தியாலம் தாண்டியதும் விரல்களுக்குக் கீழே எரிகிறது, அப்புறம் மரத்துப் போகிறது. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சரியாகிறது.

தினேஷ்: கிளிப் பெடல் போடு, சப்பாத்தைப் பெடலிலேயே பூட்டிவிடும், முடிந்தது கதை. நான் கொழும்பில் வாரா வாரம் அதில்தான் ஓடுகிறேன். கால் நழுவாது. மேலே வரும்போதும் இழுக்கலாம், அதனால் ஏற்றம் சுலபம்.

அப்பா: செருப்போடு மிதித்து டவுனுக்குப் போய் வந்த தோட்டம் இது. இப்போது பெடலுக்கும் தனிச் சப்பாத்தா?

ராஜூ மாமா: மச்சான், நீங்கள் போனது டவுனுக்கு. இவள் போகப் போவது கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா, அங்கிருந்து வெலிமடை, பதுளை. கம்பளை சுமார் 480 மீட்டர் உயரம், நுவரெலியா 1868. முதல் நாளே 1400 மீட்டர் ஏற வேண்டும்.

ராஜூ மாமா: கிருஷா, இப்போது என்ன சப்பாத்து போடுகிறாய்? அடியைப் படம் எடுத்துப் போடு. பெடலையும்.

கிருஷா: 📷 படம்
கிருஷா: 📷 படம்
கிருஷா: ஓடுவதற்கு வாங்கியது. மெத்தென்று நன்றாக இருக்கும். பெடல் சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக்தான்.

ராஜூ மாமா: அந்த மெத்துதான் வினை. ஓடும்போது குதிகால் தரையில் மோதும், அந்த அதிர்வை வாங்கத்தான் அவ்வளவு பஞ்சு. மிதிக்கும்போது மோதல் ஒன்றும் இல்லை, மணிக்கணக்காக ஒரே இடத்தில் அழுத்தம். பஞ்சு அமுங்கி, பெடலின் விளிம்பு நேராகப் பாதத்தில் குத்துகிறது. பாதத்தின் நீள எலும்புகளுக்கு நடுவே விரலுக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. அவை நசுங்கினால் முதலில் எரியும், பிறகு மரக்கும். உன் பெடலும் உள்ளங்கை அகலம்கூட இல்லை. சின்னப் பெடல், மெத்தென்ற அடி, இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான்.

ராஜூ மாமா: லேசை இறுக்கிக் கட்டும் பழக்கமும் உண்டா?

கிருஷா: உண்டு 😬 நழுவுமே என்று.

ராஜூ மாமா: நழுவாமல் இருக்க வேண்டியது பெடலில் சப்பாத்து. லேசை இறுக்குவதால் அது நடக்காது. மேலே கணுக்கால் பக்கம் இறுக்கு, விரல் பக்கம் தளர்த்தி விடு.

தினேஷ்: மாமா, அதற்காகத்தான் கிளிப் சப்பாத்தின் அடி கல் மாதிரி இருக்கிறது. நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள்.

ராஜூ மாமா: கெட்டியான அடி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் காலைப் பெடலில் பூட்ட வேண்டியதில்லை. மேலே இழுக்கும் விஷயம் பலரும் நம்புகிற அளவு இல்லை. சீராக மிதிக்கும்போது வேலை கிட்டத்தட்ட முழுவதும் கீழே தள்ளும்போதுதான் நடக்கிறது. மேலே வரும் கால் பெரும்பாலும் தன் பாரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பழகிய சைக்கிள்காரர்களை வேண்டுமென்றே இழுத்து மிதிக்கச் சொல்லிப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வந்தது. விசை என்னவோ சீராகப் பரவியது, ஆனால் அதே வேலைக்கு உடம்பு அதிக சக்தியைச் செலவழித்தது.

தினேஷ்: அப்படியென்றால் பந்தயக்காரர்கள் எல்லோரும் ஏன் அதைப் போடுகிறார்கள்? பேர்னார் இனோ 1985இல் டூர் டி பிரான்ஸ் வென்றதே லுக் கம்பனியின் கிளிப் பெடலில்தானே. அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ராஜூ மாமா: அவர்களுக்கு அது சரி. எழுந்து நின்று முழு வேகத்தில் பாய்கிறபோது, காலைப் படுவேகமாகச் சுழற்றுகிறபோது, கால் பெடலை விட்டுப் போகக் கூடாது. அங்கே கிளிப்புக்கு ஈடு இல்லை. ஆனால் அவர்கள் இறம்பொடை வளைவில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளுவதில்லை. இவள் தள்ளுவாள். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி வடிகான் ஓரத்தில் நிற்பாள். கடைப் படியில் ஏறி பிளேன்டீ குடிப்பாள். செங்குத்தான இடத்தில் நின்ற சைக்கிளை மறுபடி எடுக்கும்போது முதல் மிதியிலேயே கால் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் சாய்வுதான்.

தினேஷ்: நீங்கள் சொல்வது ரோட் சைக்கிள் சப்பாத்து. எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள் கிளிப்பில், பெடலில் மாட்டும் இரும்புத் துண்டு சப்பாத்தின் அடிக்குள்ளே பதிந்திருக்கும், நடக்கலாம். ஷிமானோ கம்பனியின் எஸ்பிடி என்ற அந்த வகை 1990லிருந்து இருக்கிறது.

ராஜூ மாமா: நடக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. புதிதாக எல்லாம் பழக அவளுக்கு நேரம் இல்லை என்பதுதான் என் கணக்கு. வருடம் முழுக்க ஓட்டுகிறவள் என்றால் உன் பக்கம் பேசியிருப்பேன்.

பெரியம்மா: இந்தப் பயணம் கட்டாயம் போகத்தான் வேண்டுமா மகள்? அட்டை வேறு இருக்குமே.

கிருஷா: பெரியம்மா, தார் ரோட்டில் அட்டை ஏறாது 😄

பெரியம்மா: ஒதுங்கி நின்றால் ஏறும். போகிற வழியில் இறம்பொடை அனுமார் கோயிலுக்கும் சீதாஎலிய அம்மன் கோயிலுக்கும் போய்விட்டுப் போ.

ராஜூ மாமா: அக்கா நல்ல விஷயத்தை ஞாபகப்படுத்தினீர்கள். கோயிலில் சப்பாத்தைக் கழற்றுவாய், அரை மணித்தியாலம் கழித்து மாட்டுவாய். அப்போது தெரியும் சப்பாத்து சிறியதா என்று. நாள் போகப் போகப் பாதம் வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்தது பின்னேரம் கடிக்கும்.

கிருஷா: அப்படியானால் ஒரு அளவு பெரிதாக வாங்கவா?

ராஜூ மாமா: அளவு எண்ணை நம்பாதே, ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு விதம். பின்னேரம் கடைக்குப் போ, அதுவும் நடந்து போ. பயணத்தில் போடப்போகும் அதே சாக்ஸைக் கொண்டு போ. இரண்டு காலுக்கும் போட்டுப் பார், பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரல்களை விரித்தால் பக்கத்தில் இடிக்கக் கூடாது. இடம் வேண்டியது விரல் பக்கம்தான். குதிகால் மட்டும் ஆடக் கூடாது.

ராஜூ மாமா: அப்புறம் கையில் எடுத்து முன்னையும் பின்னையும் பிடித்து வளை. விரல் மடங்கும் இடத்தில் கொஞ்சம் வளைய வேண்டும், இல்லாவிட்டால் நடக்க முடியாது. நடுப்பாதத்தில் மடிந்தால் வைத்துவிட்டு வா.

அப்பா: அப்படியானால் மலையேறும் பூட்ஸ் வாங்கிவிடலாமே. அது கெட்டி, மழைக்கும் நல்லது.

ராஜூ மாமா: அதன் அடியில் ஆழமான பள்ளமும் மேடுமாக இருக்கும் மச்சான். நல்ல பெடலில் வழுக்காமல் இருக்கத் துருத்தி நிற்கும் முள்ளு பிடிக்க இடம் கிடைக்காது, ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கும். அகலமும் கூட, கணுக்கால் பக்கம் பெடலைத் தாங்கும் கிராங்கில் உரசும். வேண்டியது தட்டையான, பசைத்தன்மையுள்ள ரப்பர் அடி. பெடலுக்கென்றே செய்த சப்பாத்து அப்படித்தான், பாறையேறுகிற சப்பாத்தின் ரப்பரைப் போட்டுச் செய்கிறார்கள். அது கிடைத்தால் முதல் தேர்வு அதுதான்.

கிருஷா: இங்கே ஹட்டனில் எங்கே மாமா கிடைக்கும்?

ராஜூ மாமா: கிடைக்காது. கிடைப்பதில் பார்ப்போம். உள்ளரங்கில் பந்து விளையாடுகிற தட்டை ரப்பர் அடிச் சப்பாத்து நன்றாகப் பிடிக்கும். ஆனால் முன்பக்கம் ஒடுக்கமானவைதான் அதிகம், அதைப் பார்த்து எடு. பள்ளிக்கூடக் கன்வஸ் சப்பாத்தும் பிடிக்கும், அடி மெல்லியது, உனக்கு எரிச்சல் இன்னும் கூடும். ஸ்கேட் போர்டு சப்பாத்து மாதிரி கனத்த தட்டை அடி கிடைத்தால் விடாதே. உள்ளே இருக்கும் மெத்தென்ற இன்சோலை எடுத்துவிட்டுக் கெட்டியானதைப் போட்டால் பாதிக் குறை தீரும்.

தினேஷ்: சரி, சப்பாத்து விஷயத்தில் மாமாவுக்கே வெற்றி. பெடலுக்கு என்ன?

ராஜூ மாமா: கிளிப் இல்லாத தட்டைப் பெடல், அகலமாக இருக்கட்டும். நீளமும் அகலமும் 100 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் உன் காலுக்குத் தாராளம். இரண்டு பக்கமும் இரும்பு முள்ளு, பக்கத்துக்கு எட்டு, பத்து இருந்தால் போதும். பிளாஸ்டிக்கிலேயே வார்த்த புடைப்பு மழையில் உதவாது. உடம்பு நைலோனா அலுமினியமா என்று கடைக்காரர் கேட்பார். நைலோன் போதும். விலை குறைவு, பாரமும் பெரிதாக இல்லை, கல்லில் இடித்தாலும் வழுக்கிப் போய்விடும். முள்ளு மட்டும் இரும்பாக இருக்க வேண்டும், கழற்றிப் பூட்டக்கூடியதாக.

கிருஷா: முள்ளு காலைக் கிழிக்காதா? யூடியூபில் பார்த்தேன், பயமாக இருந்தது.

ராஜூ மாமா: கிழிக்கும். மிதிக்கும்போது அதிகம் இல்லை, தள்ளிக்கொண்டு நடக்கும்போதுதான் கெண்டைக்காலில் இடிக்கும். தள்ளும்போது உன் பக்கத்துப் பெடலை முன்னால் திருப்பி வைத்துக்கொள். நீளக் காற்சட்டையோ உயரமான சாக்ஸோ போடு. ரோட்டுப் பயணத்துக்கு அவ்வளவு கூர்மையும் வேண்டாம். நடுவில் உள்ள ஒன்றிரண்டைக் கழற்றிவிடலாம், ஓரத்தில் உள்ளவைதான் பிடிக்கின்றன.

ராஜூ மாமா: இன்னொன்று. கையால் அச்சைச் சுற்றிப் பார். கரகரவென்றால் வேண்டாம். மூடிய பேரிங் உள்ளதாகப் பார், நம் மழைக்குத் திறந்த குண்டு பேரிங் என்றால் அடிக்கடி பிரித்துக் கிரீஸ் போட வேண்டி வரும்.

அப்பா: மாட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பானர் இருக்கிறது.

ராஜூ மாமா: 15 மில்லிமீட்டர் ஸ்பானர், மெல்லியதாக இருக்க வேண்டும். சிலவற்றுக்கு ஸ்பானர் பிடிக்க இடமே இருக்காது, உள்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 அலன் சாவி. வலது பெடல் வழக்கம் போல வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இடது பெடல் எதிர்மரை, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். பெடலில் ஆர், எல் என்று பொறித்திருக்கும், மாற்றிப் போட்டுப் பலவந்தமாக இறுக்கினால் கிராங்கின் மரை போய்விடும். முதல் சில சுற்றைக் கையாலேயே திருப்புங்கள். மரையில் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம், தடவாவிட்டால் பிறகு கழற்றவே முடியாது. அளவு அநேகமாக 9/16 அங்குலம். ஒரே துண்டாக வளைத்த கிராங்க் உள்ள சைக்கிள்களுக்கு மட்டும் 1/2 அங்குலம். கிருஷாவுடையது மூன்று துண்டுக் கிராங்க், படத்தில் தெரிகிறது.

பெரியம்மா: இவ்வளவும் ஒரு பெடலுக்கா 🙏

சனி, காலை 6.35

கிருஷா: மாமா, ராத்திரி எல்லாவற்றையும் மறுபடி வாசித்தேன். காலை எந்த இடத்தில் வைப்பது? நான் விரல் நுனியால் மிதிக்கிறேன் என்று தோழி சொன்னாள்.

ராஜூ மாமா: அது கெண்டைக்காலைக் கொல்லும். பெருவிரல் மூட்டு இருக்கிறதே, பெடல் அச்சு அதற்குச் சற்றுப் பின்னால் வரட்டும். நீண்ட ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளி, நடுப்பாதத்துக்கு அருகில் வைத்தாலும் தப்பில்லை. தட்டைப் பெடலின் பெரிய வசதியே அதுதான். எரியத் தொடங்கினால் காலை அரை அங்குலம் நகர்த்தலாம், பாதத்தைத் திருப்பலாம். கிளிப்பில் ஆணி அடித்த இடம்தான், கொஞ்சம் ஆட்டம் மட்டும் விட்டிருப்பார்கள்.

தினேஷ்: ஆட்டம் போதும் மாமா 😏 சரியாகப் பொருத்தினால் ஒவ்வொரு முறையும் கால் அதே இடத்தில் நிற்கும். உங்கள் தட்டைப் பெடலில் நடக்காத காரியம்.

ராஜூ மாமா: ஒத்துக்கொள்கிறேன். முள்ளு பிடித்துவிட்டால் காலைத் தூக்கித்தான் திருத்த வேண்டும், இழுத்து நகர்த்த முடியாது. ஆரம்பத்தில் அது எரிச்சலாக இருக்கும்.

ராஜூ மாமா: புதுச் சப்பாத்தின் அடி தடிமன் என்றால் சீட்டையும் பார். அடி எவ்வளவு கூடியதோ அவ்வளவு சீட்டையும் உயர்த்து, இல்லாவிட்டால் முழங்கால் முன்பக்கம் நோகும்.

அப்பா: இறக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குப் பயம் ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு இறங்குகிற ரோட்டில்தான்.

ராஜூ மாமா: நியாயமான பயம். இறக்கத்தில் இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் சற்றுத் தாழ்வாக. பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் போகாமல் அது தாங்கும். வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே, பாரம் முழுதும் அந்தக் காலில். ஈரச் சப்பாத்தின் அடியில் சேறு ஒட்டியிருந்தால் ஏறுவதற்கு முன் ரோட்டில் தேய்த்துவிடு. லேசை இரட்டை முடிச்சுப் போட்டு மிச்சத்தை உள்ளே செருகு. வலது காலின் லேஸ் சங்கிலியில் மாட்டினால் இறங்கக்கூட முடியாது.

கிருஷா: மழைக்கு நீர் புகாத சப்பாத்து வாங்கச் சொல்கிறாள் தோழி.

ராஜூ மாமா: நம் மழை மேலேயிருந்து காலோடு வழிந்து உள்ளே போகும். நீர் புகாத சப்பாத்தில் போன தண்ணீர் வெளியேயும் வராது, நாள் முழுதும் வாளிக்குள் கால். வலைத்துணிச் சப்பாத்து நனையும், ஆனால் வடியும். பஞ்சுச் சாக்ஸ் வேண்டாம், ஊறியே கிடந்து கொப்புளம் போடும். மெல்லிய கம்பளியோ நைலோன் கலந்ததோ நல்லது. மாற்று சாக்ஸ் ஒரு சோடி பொலித்தீன் பையில். இரவு தங்கும் இடத்தில் இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணி, நனைந்ததும் மாற்று. அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே, ஒட்டு விட்டுப் போகும்.

பெரியம்மா: நானுஓயாவில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே தங்கலாம். நான் சொல்லி வைக்கிறேன்.

கிருஷா: சரி பெரியம்மா, நுவரெலியாவில் ரூம் வேண்டாம் என்று இவர்களிடம் சொல்கிறேன் ❤️ மூன்று பேர் வருவோம்.

தினேஷ்: கிருஷா, கிளிப்புக்கு மாறியபோது கழற்றிய நைலோன் பெடல் சோடி என் பெட்டியில் கிடக்கிறது. இரும்பு முள்ளுதான், இரண்டு மூன்று தேய்ந்திருக்கும். திங்கள் ஹட்டன் பஸ்ஸில் கொடுத்து விடவா?

ராஜூ மாமா: கொடுத்து விடு. மரையைத் துடைத்துப் படம் எடுத்துப் போடு முதலில். தேய்ந்த முள்ளுக்கு மாற்று இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு.

தினேஷ்: 📷 படம்

ராஜூ மாமா: நல்ல பெடல். பேரிங்?

தினேஷ்: சத்தமில்லாமல் சுற்றுகிறது.

அப்பா: எந்த பஸ், எத்தனை மணிக்கு ஹட்டனுக்கு வரும் என்று சொல்லு தம்பி, நான் போய் எடுக்கிறேன்.

ராஜூ மாமா: மாட்டியதும் ஒரு தடவை தலவாக்கலை வரை போய் வா கிருஷா. வந்து மறுபடி 15ஐப் போட்டு இறுக்கிப் பார், புதிதாக மாட்டியது முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகலாம். சப்பாத்தையும் அதற்குள் வாங்கிவிடு, பயணத்தன்று புதுசு போடாதே.

கிருஷா: இன்று பின்னேரம் ஹட்டன் போகிறேன் மாமா. அடியை வளைத்து வீடியோ எடுத்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியம்மா: ஹட்டன் போகிறதென்றால் எனக்கு முழங்கால் எண்ணெய் ஒன்று வாங்கி வா மகள். தினேஷ், பஸ்ஸில் அனுப்பும்போது போன முறை நீ எடுத்துப் போன டிபன் கரியரையும் வை.