மறு: ஊசிப்போன ஆலிவ் – ‘சப்பத்தேரா’வுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம் ஐயா,

உப்புநீரில் ஊறும் ஆலிவ் ஊசிப்போவதை ஸ்பானிய மொழியில் ‘சப்பத்தேரா’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் தந்த ‘தோல்நாற்றம்’ எனக்கு ஒட்டவில்லை. பழத்தைப் பற்றிப் பேசும்போது தோல் என்றால் பழத்தோல்தான். ஆலிவின் தோலில் ஏதோ கோளாறு என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஸ்பானிய மொழியில் சப்பாத்தோ என்றால் காலணி. அதைச் செய்பவர் சப்பத்தேரோ. ஆலிவ் அங்கே பெண்பால், அதனால் சப்பத்தேரா. கெட்ட ஆலிவில் பதனிட்ட தோலின் வாடை அடிப்பதால் வந்த பெயர் என்பது வழக்கமான விளக்கம். இதை அப்படியே தமிழாக்கினால் தொழிற்பெயர் சாதிப்பெயரில் போய் முடியும். ஊசிப்போன பண்டத்துக்கு ஒரு சாதியின் பெயரா? அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஸ்பெயினின் செவில்லா முறையில் பச்சை ஆலிவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டுக் கசப்பெடுத்து, கழுவி, உப்புநீரில் ஊறவிடுகிறார்கள். அதில் லாக்டிக் அமிலம் உண்டாகிப் புளிப்பு ஏற வேண்டும். பி.எச். அளவு (புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 4.5-க்குக் கீழே இறங்குமுன் புளிப்பேறுவது நின்று, உப்பும் போதாமல், வசந்தகாலச் சூடும் சேர்ந்தால் போச்சு. குளோஸ்ட்ரிடியம், புரோப்பியோனிபாக்டீரியம் வகை பாக்டீரியாக்கள் கிளம்பிவிடும். தொடக்கத்தில் பாலாடைக்கட்டி போல லேசான வாடைதான். கவனிக்காமல் விட்டால் பீப்பாயைத் திறக்கும்போது மலநாற்றம் முகத்தில் அடிக்கும்.

‘அழுகல்’ இதற்குப் பொருந்தாது. அழுகினால் பழம் குழைந்துவிடும். இங்கே முதலில் காட்டிக்கொடுப்பது மூக்கு. சாம்பார் ஊசிப்போச்சு என்று மோந்து பார்த்துச் சொல்கிறோமே, அந்த ஊசல்தான் சரி. ஆனால் அது பொதுச்சொல், முன்னால் ஓர் அடைமொழி வேண்டும்.

அந்த அடைமொழி நம்மிடமே இருக்கிறது. இலங்கைத் தமிழில் காலணிக்கு இன்றும் சப்பாத்துதான். போர்த்துக்கீசிய ‘சப்பாத்து’ வழியாக வந்தது. ஸ்பானிய சப்பாத்தோவுக்கு உடன்பிறப்பு. ஆக, என் பரிந்துரை ‘சப்பாத்தூசல்’. பழத்தோல் குழப்பம் இல்லை, சாதி இல்லை, மூலச்சொல்லின் ஓசையும் தங்குகிறது.

ஒரு வம்பு உண்டு. தமிழ்நாட்டில் இதைக் கேட்பவர் நேற்றுச் சுட்ட சப்பாத்தி ஊசிவிட்டது என்று நினைக்கலாம்! அதனால் சொற்பட்டியலில் ‘ஆலிவ்’ என்ற துறைக்குறிப்போடு போடுவோம். (ஆலிவை ‘ஆலிவ்’ என்பதா, தமிழில் ‘இடலை’ என்பதா என்ற பழைய சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

யாழ்ப்பாணத்து நண்பர்களே, உங்கள் காதுக்கு இது எப்படிப் படுகிறது?