மறு: கடலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் இடிமேகங்கள் – ‘மேகச்சாரை’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை எல்லாம் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடிமேகங்கள் ரயில்பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தின் மேல் வருவதை ஆங்கிலத்தில் ‘ட்ரெய்னிங்’ என்கிறார்கள்; வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அதற்கான தமிழ்ச்சொல்லை முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ஐப்பசி பிறந்துவிட்டால் ராடார் பார்க்கிற கூட்டம் முழுக்க ‘ட்ரெய்னிங்’, ‘ட்ரெய்னிங்’ என்றுதான் எழுதும். ‘மயிலாப்பூர் மேல ட்ரெய்னிங் ஆகுது’ என்று நடுராத்திரி ஒருவர் போடும் தகவலைப் பார்த்துத் தரைத்தளத்தில் இருக்கிற ஒருவர் வண்டியை மேட்டுக்கு எடுத்துப்போக வேண்டும், மோட்டாரை அணைக்க வேண்டும். அவருக்கு அந்தச் சொல் ஒன்றுமே சொல்வதில்லை. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ‘பயிற்சி’ என்று வருகிறது.

முதலில் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதில் நாம் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறோமா என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதி மடல்களில் இரண்டு வேறு நிகழ்வுகள் கலந்து கிடக்கின்றன.

பருவமழைக் காலத்து இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. வங்கக்கடலின் மேற்பரப்பு நவம்பரில்கூட 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். தரையிலிருந்து கடலை நோக்கி மெதுவாக நகரும் காற்று, கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றைக் கரைக்குச் சற்றுத் தள்ளி முட்டுகிறது. முட்டிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அங்கேதான் செல்கள் (தனித்தனி இடிமேகங்கள்) முளைக்கின்றன. சென்னைக் கடற்கரையில் பருவமழை நாட்களில் பின்னிரவிலும் விடிகாலையிலும் மழை வலுப்பதற்கு இது முக்கியமான காரணம். (செல்லுக்கு என்ன தமிழ் என்பது தனி இழை, இப்போதைக்குச் செல் என்றே எழுதுகிறேன். ராடாரைக் கதுவீ என்று எழுதுபவர்களும் பொறுத்தருள்க.)

ஒரு செல்லின் ஆயுள் சாதாரணமாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். ராடார் படத்தில் கரையிலிருந்து 80 கிலோமீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்க்கிறோம், அது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் கரைக்கு வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தச் செல் முடிந்துபோயிருக்கும். நம் தலைமேல் வந்து கொட்டுவது அதற்குப் பின்னால் முளைத்த இன்னொன்று, அல்லது அதற்கும் பின்னால் முளைத்தது. ஆகவே நாம் பெயர் வைக்கப்போவது ஒரு மேகத்துக்கு அல்ல, பின்னால் முளைத்துக்கொண்டும் முன்னால் அழிந்துகொண்டும் ஒரே தடத்தில் நகரும் ஒரு வரிசைக்கு.

அந்த வரிசை எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கரைக்கு இணையாக எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு கோடு நின்று, அது அப்படியே அகலவாக்கில் மேற்கே வந்தால் எல்லா ஊருக்கும் இருபது நிமிடம் நல்ல மழை, அப்புறம் தூறல், வேலை முடிந்தது. அதே கோடு ஒரு முனை மயிலாப்பூரிலும் மறு முனை நடுக்கடலிலுமாகக் கிழக்கு மேற்காகக் கிடந்து, தன் நீளவாக்கிலேயே நகர்ந்தால், கோட்டில் இருக்கிற அத்தனை செல்லும் மயிலாப்பூர் மேல்தான் போக வேண்டும். எண்ணூரில் சாலை நனையாமலேகூட இருக்கலாம். முதலாவதற்கு ஆங்கிலத்தில் ஸ்குவால் லைன் என்று ஒரு சொல் இருக்கிறது (பலத்த காற்றோடு வந்தால்). நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டும்.

2021 டிசம்பர் 30 எல்லோருக்கும் நினைவிருக்கும். காலையில் அவ்வளவு பெரிய மழை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மதியத்திலிருந்து இரவு வரை கடலிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. சென்னை எம்.ஆர்.சி. நகர்ப் பக்கம் 20 செ.மீ.ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்குக் குழுக்களில் பலரும் ‘மேகவெடிப்பு’ என்று எழுதினார்கள். ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. கொட்டினால்தான் வானிலைத் துறை வரையறைப்படி மேகவெடிப்பு. சாரையாக வருகிற செல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. 3 செ.மீ. கொட்டிவிட்டுப் போகிற செல்லைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள், ஆனால் அதே இடத்தில் ஏழாவது செல் வரும்போது தெருவில் படகு வேண்டும். சரியான சொல் இல்லாததால் தவறான சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

இனி ஒவ்வொரு பரிந்துரையாக வருகிறேன்.

> ‘தொடர் இடிமழை’ என்றால் போதாதா? எல்லோருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ‘தொடர் மழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று செய்திகளில் கேட்டுக் கேட்டு, தொடர்மழை என்றால் நாள்கணக்கில் விட்டுவிட்டுப் பெய்கிற மழை என்று பதிந்துவிட்டது. நமக்கு வேண்டியது காலத்தொடர்ச்சி அல்ல, இடம். ஒரே இடத்தின் மேல் என்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும், அல்லது சொன்னதும் கண்முன் வர வேண்டும்.

> ஆங்கிலத்திலேயே ரயிலை வைத்துத்தானே சொல்கிறார்கள், ‘தொடர்வண்டி மேகம்’ என்று வைப்போம்.

இதில் எனக்கு உடன்பாடில்லை ஐயா. ரயிலில் முதல் பெட்டியும் ஊர் போய்ச் சேரும், கடைசிப் பெட்டியும் சேரும், நடுவழியில் பின்னால் புதுப்பெட்டி முளைக்காது. இங்கே தலைப்பக்கம் தரைக்குள் சில கிலோமீட்டர் வந்ததும் குளிர்ந்த தரையின் மேல் வலுவிழந்து போகிறது, வால்பக்கம் கடலில் புதிதாக முளைக்கிறது. அதோடு ‘தாம்பரம் மேல தொடர்வண்டி’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடலூர் நண்பர் சொன்ன ‘கொண்டல்வரிசை’ கேட்க மிகவும் நன்றாக இருக்கிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று கடற்கரையில் திசைக்கொரு காற்றுப்பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தேட எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் கொண்டல் என்றால் கிழக்கே இருந்து வருவது. ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் வேலூர், காஞ்சிபுரம் பக்கமிருந்து மேற்குக் காற்றோடு சென்னைக்கு வரும் இடிமேகங்களும் சில நாள் இப்படி ஒரே தடத்தில் வருகின்றன. அப்போது கொண்டல் என்று சொல்ல முடியாது. திசை கலக்காத சொல்தான் எல்லாப் பருவத்துக்கும் உதவும். கிழக்குக் காற்று திடீரென்று வலுத்து அலையலையாக வருவதை ‘ஈஸ்டர்லி சர்ஜ்’ என்கிறார்களே, அதற்குக் ‘கொண்டல் எழுச்சி’ என்று வைத்தால் அந்தச் சொல்லும் வீணாகாது.

மிச்சம் இருப்பது ‘மழைச்சாரை’. சாரை என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொடுத்த அக்காவுக்கு நன்றி, இந்த இழையின் நல்ல கண்டுபிடிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். எறும்பு சாரை சாரையாகப் போவதைப் பார்க்காதவர் கிடையாது. முன்னால் போனது எந்த வழியோ பின்னால் வருவதும் அதே வழி, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் வந்துகொண்டே இருக்கும். நமக்கு வேண்டிய இரண்டு பொருளும், ஒரே தடமும் ஓயாத வரவும், அதற்குள் ஏற்கெனவே இருக்கின்றன; விளக்கம் சேர்க்க வேண்டியதில்லை.

ஆனால் முன்னொட்டில் எனக்கு ஒரு சிக்கல். ‘மழைச்சாரல்’ ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிற சொல், மென்மையான மழைக்கு. மழைச்சாரை, மழைச்சாரல்: குரல்பதிவில் கேட்டாலோ அவசரத்தில் படித்தாலோ ஒரே எழுத்து வித்தியாசம், பொருளோ நேரெதிர். எச்சரிக்கையில் போகப்போகிற சொல்லுக்கு இந்தக் குழப்பம் கூடாது. ‘முகில்’ போடலாம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருந்தீர்கள், அங்கே பேச்சிலேயே முகில்தான் என்பது தெரியும். அதே கிழக்குக் காற்றும் அதே மழையும் முல்லைத்தீவுக் கரைக்கும் பொது என்பதால் சொல்லும் பொதுவாக இருக்க வேண்டும். ஆனால் புணர்ச்சி போட்டால் முகிற்சாரை, போடாவிட்டால் முகில்சாரை, எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் சண்டை வரும். மேகச்சாரையில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கரையிலும் புரியும், சாரலோடு மோதாது. அதனால் என் வாக்கு ‘மேகச்சாரை’க்கு.

சொல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதிலிருந்து வினை பிறக்க வேண்டும், துணைச்சொற்கள் பிறக்க வேண்டும். இதை எழுதிப் பார்த்தேன்:

‘இரவு 2.10. பழவேற்காட்டுக்குத் தெற்கே மேகச்சாரை கட்டுகிறது. தலை எண்ணூரில், வால் கடலில் 70 கி.மீ. வரை. வால் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது. எண்ணூர், மணலி கவனம்.’

சாரை கட்டுதல், சாரை கலைதல், சாரை விலகுதல் (வடக்கிலோ தெற்கிலோ தடம் மாறினால்) என்று தானாக வருகிறது. காற்று வரும் பக்கத்தில் புதுச்செல் முளைப்பதை ‘பேக் பில்டிங்’ என்கிறோமே, அதற்கு ‘வால்முளைப்பு’ என்று கூடவே ஒரு சொல் கிடைத்துவிடுகிறது. எந்த ஆங்கிலச் சொல்லையும் தெரியாத ஒருவர் இந்த நான்கு வரியைப் படித்தால், மழை நின்றதும் முடிந்தது என்று எண்ண மாட்டார். வால் எங்கே என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும்.

வாலைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை, சொல்விளக்கத்தில் இதையும் சேர்க்க வேண்டும் என்பேன். பூமி வளைவதால் ராடார் கற்றை தூரம் போகப் போக மேலே ஏறிவிடும். அரை டிகிரி சாய்வில் அனுப்பினால் 100 கிலோமீட்டரில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம், 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டர். அதற்குக் கீழே இருக்கிற இளம் மேகம் படத்தில் வராது. பள்ளிக்கரணையில் இருக்கும் எக்ஸ் பேண்ட் (குறுகிய அலைநீளம்) ராடாரில் இன்னொரு தொல்லை: கனமழை அந்த அலையை விழுங்கிவிடும், தலை வலுவாக இருந்தால் அதன் பின்னால் இருக்கிற செல்கள் உள்ளதைவிட மெலிந்து தெரியும். அதனால் வாலைப் பார்க்கத் சென்னைத் துறைமுகத்து எஸ் பேண்ட் (நீண்ட அலைநீளம்) ராடார் படத்தையோ ஸ்ரீஹரிகோட்டா ராடார் படத்தையோ பாருங்கள். ‘வால் தெரியவில்லை’ என்று எழுதுங்கள், ‘வால் இல்லை’ என்று எழுதாதீர்கள்.

எப்போது இந்தச் சொல்லைப் போடலாம் என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும், இல்லாவிட்டால் மேகவெடிப்புக்கு ஆன கதிதான். என் வரையறை இது: ஒரே தடத்தில், ஒரே இடத்தின் மேல், குறைந்தது மூன்று செல்லாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும் வரிசை, வரிசையின் நகர்வு அதன் நீளவாக்கில். ஒரே செல் நகராமல் நின்று கொட்டினால் அது மேகச்சாரை ஆகாது. பெருமழை எல்லாமே மேகச்சாரையும் ஆகாது; 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானதே, அதில் எவ்வளவு நேரம் சாரை, எவ்வளவு நேரம் பரவலான மழை என்று படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். மூன்று என்ற எண்ணில் மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள், நீளவாக்கு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

‘சாரை என்றால் பாம்பு நினைவு வருமே’ என்ற ஆட்சேபத்துக்கு: வந்தால் வரட்டும், தடை ஒன்றுமில்லை.

ஸ்குவால் லைனுக்குச் ‘சூறைவரிசை’ என்று யோசித்திருக்கிறேன், சூறைக்காற்று என்பது செய்தியில் ஏற்கெனவே இருப்பதால். அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். மேகச்சாரை, வால்முளைப்பு, கொண்டல் எழுச்சி மூன்றுக்கும் ஆட்சேபம் இருப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வரையறையோடு விக்சனரியில் (இணைய அகராதி) ஏற்றிவிட்டு, முதல் சாரை கட்டுகிற இரவிலிருந்தே புழங்கத் தொடங்கிவிடலாம்.