1911 வகைத் துப்பாக்கியில் இருபுற சேஃப்டி: வலக்கையருக்கு அது தேவையா?

செந்தூரன்:
என் 1911 வகைக் கைத்துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்தே இருபுற சேஃப்டியுடன், அதாவது தவறுதலாகச் சுடாதபடி பூட்டும் லீவர் இரு பக்கமும் உள்ளதாக, வந்தது. நான் வலக்கையன். சேஃப்டியை விலக்க லீவரைக் கீழே தள்ளும்போது வலப்பக்க லீவர் என் ஆட்காட்டி விரலின் அடிமூட்டில் முட்டி, முழுவதும் இறங்காமல் நின்றுவிடுகிறது. அதைவிட மோசம், வலது இடுப்பில் அணியும்போது அந்த லீவர் வெளிப்புறமாக இருப்பதால், நாற்காலியின் கைப்பிடியில் உரசி இரண்டு முறை சேஃப்டி தானாகவே விலகியிருந்தது. ஒற்றைப்புற லீவருக்கு மாறிவிட்டேன். இருபுறம் என்பது விற்பனைக்கான அலங்காரம் என்பதே என் கருத்து.

இடக்கை:
நீங்கள் இரண்டு முறை கண்ட ஆபத்து எங்களுக்கு 1911-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, நண்பரே. ஒற்றைப்புற சேஃப்டி இடப்பக்கத்தில் இருப்பதால், இடது இடுப்பில் அணியும் எவருக்கும் அதுதான் வெளிப்புறம். போதாக்குறைக்கு, அதை விலக்க எங்கள் கட்டைவிரலும் எட்டாது. உரசலுக்குக் காரணம் லீவரின் அகலமும், அதை மூடிக் காக்காத உறையும்தான். வலப்பக்கத்தில் ஒடுக்கமான லீவரைப் பொருத்தினால் விரலில் முட்டுவது, உரசுவது இரண்டும் தீரும்.

பட்டறைக்காரன்:
இருவரும் லீவரைப் பற்றியே பேசுகிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அச்சில் இருக்கிறது. ஒரே துண்டாக இருந்த அச்சை நடுவில் பிரித்து, ஒன்றின் நாக்கு மற்றொன்றின் பள்ளத்தில் அமருமாறு செய்தால்தான் இரண்டாவது லீவரை மாட்ட முடியும். அந்த இணைப்பு தளர்ந்தால் வலப்பக்க லீவர் முதலில் சற்று வெறுமனே ஆடி, பிறகுதான் இடப்பக்கத்தை இழுக்கும். வலப்பக்கத் துண்டு வெளியே கழன்றுவராமல் இருக்க, சியரின் (விசையை இழுக்கும்வரை சுத்தியலைப் பிடித்துவைக்கும் பாகம்) நீட்டிய ஊசியோ பிடிப்பலகையின் அடியில் செருகும் தகடோ அதைப் பிடித்திருக்க வேண்டும். தகடு வகைக்குப் பலகையைக் குடையாமல் திருகை இறுக்கினால் லீவர் இறுகிப்போகும். சியரைத் தடுக்கும் முனையை அரத்தால் ஓர் இழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் சேஃப்டி வெறும் பொம்மைதான்.

செந்தூரன்:
அப்படியென்றால் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறீர்கள். பாகங்கள் கூடினால் கோளாறும் கூடும். 2010-இல் வந்த நான்காம் தலைமுறை கிளாக் கைத்துப்பாக்கி போல மேகசின் (தோட்டாப் பெட்டி) பிடிப்பானைப் பக்கம் மாற்றிப் பொருத்தும் வசதி இடக்கையருக்குப் போதாதா?

இடக்கை:
அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிடிப்பானை இடக்கையருக்காக மாற்றினால், ஒரே பக்கம் வெட்டுள்ள பழைய மேகசின்கள் அதில் பூட்டிக்கொள்ளா. தவிரவும், பக்கம் மாற்றுவது ஒருவருக்கு உதவும்; காயத்தால் கைமாற்றிச் சுட நேர்ந்தவருக்கு உதவாது.

செந்தூரன்:
கழற்றிவைத்த பழைய பாகத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். நாக்கின் விளிம்புகள் உருண்டு தேய்ந்திருக்கின்றன. பட்டறைக்காரர் சொன்னது சரி. இருந்தாலும் அடிமூட்டில் முட்டியதற்கு அது காரணமில்லை. ஒடுக்கமான லீவர் ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.