மழைக்குப் பிறகு கிணற்றில் பெட்ரோல் வாடை இல்லை: நம்பலாமா?

கொல்லைக்கிணறு:
கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சாலையோர வீடு. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க். எங்களுடையது 16 உறை இறக்கிய கிணறு, மாமியார் காலத்தது. போன சித்திரையில் தண்ணீர் 11ஆவது உறைக்கு இறங்கியபோது வாளியில் பெட்ரோல் வாடை. அன்று வடித்த கஞ்சியிலும் அதே வாடை. உலை வைப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பங்க் மேலாளர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சாலையில் போகும் வண்டிகளின் வாடை அம்மா" என்றார். கிணற்றுக்குள் யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. தங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்துக் காட்டினார், தெளிவாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் தண்ணீர் 4ஆவது உறைக்கு ஏறியது. வாடை அடியோடு நின்றுவிட்டது. "சரியாகிவிட்டது பாருங்கள்" என்கிறார் அவர். என் வீட்டுக்காரரும் அதையே பாடுகிறார். ஆனால் வாளியில் இன்னும் சில நாள் வானவில் நிறத்தில் ஏடு மிதக்கிறது. காசு கொடுத்துச் சோதித்தேன். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் எல்லாம் வரிசையாகப் போட்டு "குடிக்க உகந்தது" என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். எண்ணெய் பற்றி ஒரு வரி கிடையாது. இனி என்ன செய்வது?

மண்ணளப்பவன்:
அம்மா, வாடையை அடக்கியது மழை. கசிவை யாரும் அடைத்ததாகத் தெரியவில்லையே. பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறக்குறைய முக்கால் கிலோ எடைதான், அதனால் நீர்மட்டத்தின்மேல் மிதக்கும். மட்டம் ஏறும்போது மணல் இடுக்குகளில் சிக்கித் தண்ணீருக்கடியில் அமுங்கிக் கிடக்கும். கோடையில் மட்டம் இறங்கினால் விடுபட்டுக் கிணற்றுக்குள் வடியும். அடுத்த சித்திரையில் திரும்பி வரலாம்.

அவர்களுடைய ஆழ்குழாயைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அது எங்கோ ஆழத்துத் தண்ணீர். மேலே மிதப்பதை அது எப்படிப் பிடிக்கும்? நான் 9 ஆண்டுகள் நிலத்தடி நீரைச் சோதிக்கும் கண்காணிப்புக் குழாய் இறக்கியவன். துளையிட்ட பகுதி கோடை மட்டத்துக்குக் கீழிருந்து மழைக்கால மட்டத்துக்கு மேல்வரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குழாய் பொய் சொல்லும்.

வழக்கமான சோதனையில் பெட்ரோலிலுள்ள பென்சீன் என்ற நச்சு வராது. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அதைத் தாண்டியும் மூக்குக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆய்வகம் தரும் 40 மில்லி கண்ணாடிப் புட்டியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். காலி பிளாஸ்டிக் போத்தல் வேண்டவே வேண்டாம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குளிக்கவும் வேண்டாம், ஆவியாக மூச்சில்தான் போகும்.

அந்த ஏட்டைக் குச்சியால் கிழித்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்தால் இரும்பு பாக்டீரியா. மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய்.

பழைய பங்க் கணக்கர்:
அக்கா, இவர்கள் தினமும் அளவுகோலை விட்டு இருப்பை எழுதியே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சந்து இருக்கிறது. வெயிலில் காய்ந்து வரும் 12,000 லிட்டர் பெட்ரோல் தொட்டிக்குள் போய் ஒரு டிகிரி குளிர்ந்தாலே 12 லிட்டரையொட்டிச் சுருங்கும். நாளைக்கு ஐந்தாறு லிட்டர் கசிந்தாலும் "சுருக்கம்" என்று எழுதி மூடிவிடலாம். நானே எழுதியிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரு நாள் குறைவைப் பார்க்காமல், மாதக்கணக்கில் ஒரே பக்கமாகக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு, மழைக்காலத்தில் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்கிறதா என்று கேளுங்கள். ஓட்டை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் வெளியிலிருந்து நீர் உள்ளே வரும். மூடி வழியாகவும் வரலாம், அதையும் விசாரியுங்கள்.

நீங்கள் கேட்டால் காட்ட மாட்டார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து, நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் அனுப்புங்கள்.

கொல்லைக்கிணறு:
துடைப்பக் குச்சியால் கிழித்தேன். முறுகல் தோசை மாதிரி சில்லுச் சில்லாக உடைந்தது. வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு.

மண்ணளப்பவன்:
சிரிக்கட்டும். ஏடு எண்ணெய் இல்லை, அவ்வளவுதான் தெரிகிறது. கஞ்சியில் வந்த வாடைக்கு அது பதிலாகாது. பெட்ரோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிட்டால் இரும்பு கரைந்து இப்படி ஏடு கட்டுவதும் உண்டு. டெல்டா மண்ணில் இயல்பாகவே இரும்பு இருக்கும் என்பதால் அதை வைத்து எந்தப் பக்கமும் வாதாட மாட்டேன்.

ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகள் தெருவில் உண்டா? கொத்தனாரின் டியூப் லெவலால் மூன்றின் வாய்மட்டத்தையும் ஒப்பிட்டு, ஒரே நாளில் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். பங்கிலிருந்து உங்கள் பக்கம் சரிந்தால் மனுவில் அதையே முதல் வரியாக எழுதுங்கள்.

கொல்லைக்கிணறு:
எதிர்வீட்டிலும் கோயில் மடப்பள்ளியிலும் கிணறு இருக்கிறது. கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதுவரை எங்கள் கிணற்றை மட்டும் அளக்கிறேன். தையல் டேப் 5 அடிதான், கயிற்றில் பூட்டைக் கட்டி இறக்கிவிட்டு அதை டேப்பால் அளந்தேன். பழைய ரவிக்கை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் வரி: மார்கழி 3, காலை 7 மணி, 5 அடி 2 அங்குலம், வாடை இல்லை.