குளிர்கால முடி அடர்ந்த குதிரைக்கு எந்தக் கிளிப்பர்? ஒரே கோட்டோடு நின்றுபோனது

யார்க்‌ஷயர் மலர்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம். மகளுக்காகப் போன கோடையில் ஒரு காப் குதிரை (கட்டையான, பருத்த உடம்புள்ள வகை) வாங்கினோம். 13 வயது, 14.2 கை உயரம் (அதாவது 14 கை, 2 அங்குலம்; ஒரு கை நான்கு அங்குலம்), தங்கமான குணம். கோடையில் பளபளவென்று இருந்தவன் அக்டோபர் பிறந்ததும் கரடி மாதிரி ஆகிவிட்டான். நெஞ்சில் விரலை வைத்தால் முதல் கணு வரை முடிக்குள் போய்விடுகிறது. வாரத்தில் நான்கு நாள் மகள் ஓட்டுகிறாள், அரை மணி நேரத்திலேயே கழுத்தும் நெஞ்சும் சொதசொதவென்று நனைந்துவிடுகிறது, அப்புறம் இரண்டு மணி நேரம் நின்றாலும் அடிமுடி காய்வதில்லை. நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் ஈரக் குதிரையை லாயத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர மனசே வரவில்லை.

முடியை வெட்டிவிடலாம் என்று, தோழியிடம் இருந்த, நாய்க்கு முடி வெட்டும் பேட்டரி கிளிப்பரை வாங்கி வந்து இடது தோளில் வைத்தேன். ஒரு சாண் போவதற்குள் மிஷின் முனகி முனகி நின்றுவிட்டது. முடியை வெட்டாமல் கவ்வி இழுத்ததில் அவன் தோலைச் சிலிர்த்துக்கொண்டு பின்னால் போய்விட்டான். பிளேடைத் தொட்டுப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது. அவனுக்குச் சூடு பட்டிருக்குமோ என்று நினைத்து அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

எந்த மாதிரி மிஷின் வாங்க வேண்டும்? பிளேடில் எது? உடம்பு முழுக்க வெட்ட வேண்டுமா? வயர் உள்ளது நல்லதா, பேட்டரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லாயத்துக்காரன்:

அக்கா, முதலில் அந்த மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு தடவை அது முடியைப் பிடித்து இழுத்தால் அப்புறம் எந்த மிஷின் சத்தம் கேட்டாலும் உங்களைக் கிட்டவே விடமாட்டான். நான் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தில் சைஸாக (குதிரை பராமரிப்பவனாக) இருந்து, இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்குப் பெயர்போன நியூமார்க்கெட் வந்தவன். கிண்டியில் இருந்தவரை என் கையில் கிளிப்பர் வந்ததே இல்லை, குதிரை முடி பட்டு மாதிரி இருக்கும். இங்கே தரோபிரெட் என்கிற பந்தயக் குதிரைக்கே செப்டம்பர் கடைசியில் முடி எழும்பிவிடுகிறது. காப் முடி அதைவிடக் கஷ்டம். அடியில் பஞ்சு மாதிரி குட்டை முடி, மேலே முரட்டு நீள முடி, நடுவில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும்.

நாய் கிளிப்பர் பெரும்பாலும் ஏ-5 என்கிற குறுகலான, சொடுக்கி மாட்டும் பிளேடில் ஓடுவது. முகம், குளம்புக்கு மேல் ஓரம், நிறைய பயப்படும் குதிரை, இதற்கெல்லாம் அது போதும். முழு உடம்புக்கு, அதுவும் காப் உடம்புக்கு, மூன்று அங்குல அகலப் பிளேடு மாட்டுகிற பெரிய மிஷின்தான் வேண்டும். லிஸ்டர், ஹெய்னிகர், லிவரிமேன் கம்பெனிகள் எல்லாமே இந்த வகையில் வைத்திருக்கிறார்கள். கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், ஒன்றரை மணி நேரம் தூக்கிப் பிடிக்க வேண்டும், உங்கள் விரல் சுற்றிப் பிடிக்காத தடிமன் என்றால் பாதியில் மணிக்கட்டு விட்டுப்போகும். காற்றை எந்தப் பக்கம் ஊதுகிறது என்றும் பாருங்கள். சில மிஷின் பக்கவாட்டில் ஊதும், அந்தக் காற்று வயிற்றில் பட்டாலே சில குதிரை உதைக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் மிஷினைவிடப் பிளேடுதான் முக்கியம். நடுத்தர மிஷின் வாங்கி, மிச்சப் பணத்தில் இரண்டு ஜோடி பிளேடு வாங்குங்கள். பிளேடு என்பது ஜோடி: கீழே சீப்பு, மேலே வெட்டுவது. ஒரு ஜோடியின் மேல் பிளேடை இன்னொரு ஜோடியோடு மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது. உங்கள் குதிரைக்கு நைஸ் பிளேடு வேண்டாம். அது தோலை ஒட்டி ஒன்றரை மில்லிமீட்டர்தான் விடும், பல் நெருக்கம், அடர்ந்த முடி உள்ளே நுழையாது. மீடியம் அல்லது கோர்ஸ் எடுங்கள். பல் இடைவெளி அதிகம், முடி சுலபமாக உள்ளே போகும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தோல்மேல் நிற்கும், கோடும் அவ்வளவாகத் தெரியாது.

அடுத்து டென்ஷன், அதாவது இரண்டு பிளேடையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் திருகு. பாதிப் பேர் பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைப்பது உண்மையில் இந்தத் திருகு சரியாக இல்லாததுதான். பல மிஷினில் திருகை இறுகும்வரை திருப்பிவிட்டு, பின்னால் ஒன்றரைச் சுற்று தளர்த்த வேண்டும். உங்கள் மிஷினோடு வரும் புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படியே செய்யுங்கள். அதிகம் இறுக்கினால் சுடும், மோட்டாரும் திணறும். தளர்ந்தால் இரண்டு பிளேடுக்கும் நடுவில் முடி மாட்டி இழுக்கும்.

எண்ணெய் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விடுங்கள், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. கூடவே பிளேடை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும், நிறுத்தி ஆறவையுங்கள். காற்று வடிகட்டியில் முடி அடைத்தாலும் மிஷின் சூடாகும், பழைய பல் பிரஷ் ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்: குளிப்பாட்டாமல் தொடாதீர்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்து இரண்டு நாள் முன்பே ஷாம்பு போட்டு, முழுக்கக் காய வைத்து, முதல் நாள் ராத்திரி முடி பளபளக்க அடிக்கும் ஸ்பிரேயை அடித்துச் சீவி விடுங்கள். மண்ணோடு வெட்டினால் புதுப் பிளேடுகூட ஒரு குதிரைக்குத் தாங்காது.

பனிக்காடு (ஒன்டாரியோ, கனடா):

மலர், தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் எவ்வளவு வெட்டுவது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாங்கள் இருக்கும் இடத்தில் ஜனவரியில் மைனஸ் 20 போகும். காய்ந்த முழு முடியும், வயிறு நிறைய உலர்ந்த புல்லும், காற்றுக்கு மறைவும் இருந்தால் குதிரை மைனஸ் 15 வரைக்கும் கூடுதல் சக்தி செலவழிக்காமல் தாங்கும் என்பார்கள். முடி நிமிர்ந்து நின்று நடுவில் காற்றைப் பிடித்து வைப்பதால் வரும் பலம் அது. அதே முடி நனைந்து ஒட்டிக்கொண்டால் பலம் போச்சு. ஆகவே எங்கே வியர்க்கிறதோ அங்கே மட்டும் எடுங்கள், மிச்சத்தை அவனுக்கு விடுங்கள்.

வாரம் நான்கு நாள் மிதமான ஓட்டம் என்றால் டிரேஸ் கிளிப் தாராளம். கழுத்தின் அடிப்பக்கம், நெஞ்சு, வயிறு, விலாவின் கீழ்ப்பாதி, அவ்வளவுதான். முன்பு வண்டிக் குதிரைக்கு இழுவை வார் போகும் கோட்டை ஒட்டி வெட்டுவார்கள், பெயரும் அப்படி வந்ததுதான். முதுகும் இடுப்பும் கால்களும் மூடியே இருக்கும். காப் குதிரையின் கால் முடியைத் தயவுசெய்து தொடாதீர்கள், சேற்றில் நிற்கிறவனுக்கு அது வேண்டும்.

வெட்டின பிறகு போர்வை உங்கள் பொறுப்பு. வெட்டும் முன்பே போர்வை வாங்கி வைத்துவிடுங்கள், மெல்லியது ஒன்று, பஞ்சு வைத்தது ஒன்று. மகளுக்கு காலையிலும் மாலையிலும் அதை மாற்ற நேரம் இருக்குமா என்று யோசித்துவிட்டு எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்யுங்கள். குறைவாக வெட்டினால் அப்புறம் கூட்டலாம், அதிகம் வெட்டினால் திருப்பி ஒட்ட முடியாது.

யார்க்‌ஷயர் மலர்:

தம்பி, அக்கா, ரொம்ப நன்றி. டிரேஸ் கிளிப்தான் என்று முடிவு செய்துவிட்டோம். வயர் மிஷின் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன், ஆனால் சத்தம்தான் பயமாக இருக்கிறது. அந்த நாள் இழுத்ததிலிருந்து இடது தோளில் கை வைத்தாலே சிலிர்க்கிறான். மயக்க ஊசி போடச் சொல்லலாமா?

லாயத்துக்காரன்:

ஊசிக்கு முன்னால் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள் அக்கா. முதல் இரண்டு நாள் மிஷினைத் தூரத்தில் ஓடவிட்டுத் தீவனம் வையுங்கள். அப்புறம் அணைத்த மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு தோளில் தேயுங்கள். பிறகு ஓடும் மிஷினை ஒரு கையில் பிடித்து, மற்றொரு கையைத் தோளில் வைத்து, உங்கள் கை வழியாகவே அந்த அதிர்வு அவனுக்குப் போகட்டும். அவன் தலையைத் தொங்கவிட்டு உதட்டை நக்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். வயர் மிஷின் என்றால் கசிவு வந்த நொடியில் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிடி பிளக் கட்டாயம், தரை ஈரம் இருக்கக்கூடாது, வயர் அவன் காலுக்குப் பின்னால் போகக்கூடாது. முழங்கை மடிப்பில் ஒருவர் முன்காலை முன்னால் இழுத்துப் பிடிக்க, தோல் விரிந்தபின் வெட்டுங்கள். அந்த மடிப்பில்தான் நிறைய குதிரைக்கு வெட்டுக்காயம் படுகிறது.

கால்நடை மருத்துவர்_ஸ்காட்லாந்து:

மயக்க ஊசி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். வேண்டியிருந்தால் மருத்துவர் வந்து போடலாம், தப்பில்லை. ஆனால் ஊசி போட்ட குதிரை சில நேரம் வியர்க்கும், ஈர முடியில் பிளேடு ஓடாது. தூங்குகிற மாதிரி நிற்கும் குதிரையும் திடீரென்று உதைக்கும், அதனால் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

இன்னொரு கேள்வி. போன வசந்தத்தில் பழைய முடி ஒழுங்காக உதிர்ந்ததா என்று முன்பு வைத்திருந்தவரிடம் கேளுங்கள். பகல் நீளம் குறைவதைப் பார்த்துத்தான் குதிரைக்கு முடி வளரும், நீளம் கூடத் தொடங்கினால் உதிரும். வயதான குதிரையில் முடி நீண்டு சுருண்டு, கோடையிலும் உதிராமல் இருந்தால் குஷிங் என்கிற பிட்யூட்டரி கோளாறாக இருக்கலாம். ரத்தத்தில் ஏசிடிஎச் என்கிற ஹார்மோனின் அளவு பார்த்தால் தெரியும், பெர்கோலைடு மாத்திரையில் நன்றாகவே சமாளிக்கலாம். 13 வயது அதற்குக் கொஞ்சம் இளமைதான், கோடையில் பளபளப்பாக இருந்தான் என்றும் சொல்கிறீர்கள், அதனால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. தண்ணீர் அதிகம் குடிக்கிறானா, முதுகுச் சதை கரைகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

முகத்தில் மீசை முடியையும் கண்ணைச் சுற்றியுள்ள நீள முடியையும் எடுக்க வேண்டாம். அது அவனுக்குத் தொட்டு உணரும் உறுப்பு. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் 2021 ஜூலை முதல் அதை மழிக்கத் தடையே இருக்கிறது. காதின் உள்முடியும் அப்படியே இருக்கட்டும்.

யார்க்‌ஷயர் மலர்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முன்பு வைத்திருந்த அம்மா, மே மாதத்துக்குள் முழுக்க உதிர்த்துவிடுவான் என்றார்கள் டாக்டர், நிம்மதி.

சனிக்கிழமை வெட்டினோம். கோர்ஸ் பிளேடு. வெள்ளைச் சுண்ணக்கட்டியால் மகள் இரண்டு பக்கமும் கோடு போட்டாள், கழுத்துக்கு மேலே ஒரு கயிற்றைக் குறுக்கே போட்டு இரண்டு முனையும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்தே போட்டாள். வலது பக்கம் ஆரம்பித்தோம், பயந்த தோளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம். முடிக்கு எதிர்த் திசையில் நீளமாக இழுத்தபோது முதல் கோடு கம்பளம் சுருள்கிற மாதிரி ஒரே துண்டாகச் சுருண்டு விழுந்தது, அடியில் எலிச் சாம்பல் நிறத்தில் மெத்தென்று தோல். இவன் கறுப்புக் குதிரை, உள்ளே இந்த நிறம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மூன்று தடவை நிறுத்தி ஆறவைத்தோம். இடது தோளுக்கு வந்ததும் ஒரு தடவை சிலிர்த்தான், மகள் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றாள், அப்புறம் பெருமூச்சு விட்டு ஒரு பின்காலைத் தளர்த்தி நின்றுகொண்டான். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

நேற்று 45 நிமிடம் ஓட்டிவிட்டு வந்தாள், 20 நிமிடத்தில் நெஞ்சு காய்ந்துவிட்டது. ஆறு மணிக்கெல்லாம் போர்வை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரே ஒரு சந்தேகம், மறுபடி முடி வளர்ந்தால் எப்போது வரை வெட்டலாம்?

லாயத்துக்காரன்:

ஐந்தாறு வாரத்தில் வளர்ந்துவிடும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு தடவை வெட்டலாம். ஜனவரி கடைசியோடு நிறுத்திவிடுங்கள் அக்கா, அதற்கப்புறம் கீழே கோடை முடி கிளம்பிவிடும், அதன் நுனியை வெட்டினால் கோடை முழுக்க மங்கலாகத் தெரியும். இப்போது வெட்டிய ஜோடியைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வையுங்கள், சாணை பிடிக்கக் கொடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.