மறு: நெமட்டோஃபேகஸ் ஃபங்கை – 'கொல்லி' வேண்டாம், 'தின்னி' போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நூற்புழு (நெமட்டோடு) என்னும் நூல் போன்ற நுண்புழுவைத் தின்னும் பூஞ்சைகளை ஆங்கிலத்தில் நெமட்டோஃபேகஸ் ஃபங்கை என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த உரையாடலில் 'நூற்புழுக்கொல்லிப் பூஞ்சை' என்றே முடிவாகிவிடும் போலத் தெரிகிறது. அதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நூற்புழு என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. இதற்கே பள்ளியில் படித்த உருளைப்புழு என்ற பெயர் வயிற்றுப்பூச்சியைத்தான் நினைவூட்டுகிறது. வேரைத் தாக்குவதை வேளாண்மைக்காரர்கள் நூற்புழு என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். 'நெமா' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் நூல் என்றுதான் பொருள். பூஞ்சையா பூசணமா என்பதிலும் எனக்குப் பிடிவாதம் இல்லை. இலங்கை நண்பர்கள் பங்கசு என்று சேர்த்துக்கொண்டாலும் சரி.

சிக்கல் 'கொல்லி'யில். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று கேட்டுப் பழகிய காதுக்குக் கொல்லி என்றால் டப்பாவில் வரும் மருந்து. என் சித்தப்பா சத்தியமங்கலம் பக்கம் சம்பங்கி போட்டிருக்கிறார். செடி மஞ்சளடித்தது, பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. கடையில் 'உயிரி நூற்புழுக்கொல்லி' என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது பேசிலோமைசிஸ் லிலாசினஸ் என்ற உயிருள்ள பூஞ்சை. (2011இலேயே பர்ப்யூரியோசிலியம் என்று பேரினத்தை மாற்றிவிட்டார்கள். பொட்டலத்தில் பழைய பெயர்தான்.) இவர் மருந்துதானே என்று அதையும் பூஞ்சைக்கொல்லியையும் ஒரே டிரம்மில் கரைத்து ஊற்றிவிட்டார். உயிருள்ள பூஞ்சையைப் பூஞ்சைக்கொல்லியில் குளிப்பாட்டினால் என்ன மிஞ்சும்? அந்தப் பிழையில் பாதி பெயருடையது என்பேன்.

இங்கே வந்த 'நூற்புழு உண்ணி' என்ற பரிந்துரை இலக்கணப்படி பழுதில்லை. ஊனுண்ணி இருக்கிறதே. ஆனால் மாடு வைத்திருப்பவரிடம் உண்ணி என்று சொன்னால் அவர் முதலில் மாட்டின் காதைத்தான் புரட்டிப் பார்ப்பார்.

என் பரிந்துரை: நூற்புழுத்தின்னி. எறும்புத்தின்னி, பழந்தின்னி வௌவால் எல்லாம் எந்தக் குழுவும் கூடி வைத்த பெயர்கள் அல்ல. தின்னி என்றதும் அது ஓர் உயிர் என்று தெரிந்துவிடுகிறது. நீளமாக இருக்கிறதே, புழுத்தின்னி என்று சுருக்கலாமா என்றால், கூடாது. மண்புழுவையும் தின்றுவிடுமோ என்று முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

சரி, இவை உண்மையிலேயே தின்கின்றனவா? தின்கின்றன. ஆர்த்ரோபாட்ரிஸ் ஆலிகோஸ்போரா என்ற பூஞ்சை ஒட்டும் வலை பின்னி வைக்கிறது. அதில் சிக்கிய புழுவின் உடலுக்குள் இழையைச் செலுத்தி உள்ளிருந்தே செரிக்கிறது. 1888இலேயே சோப் என்ற ஜெர்மானியர் இதைப் பார்த்து எழுதிவிட்டார். அதன் உறவினங்கள் சில, மூன்று செல்களால் ஆன வளையத்தை வைத்துக் காத்திருக்கின்றன. புழு உள்ளே நுழைந்து உரசியதும், ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் செல்கள் உப்பி இறுக்கிவிடும். கவுதாரி பிடிக்க வைக்கும் சுருக்குக் கண்ணியேதான். ஆகவே இந்த வகைக்கு மட்டும் கண்ணிப் பூஞ்சை.

மொத்தத்துக்கும் கண்ணி என்று வைக்க முடியாது. பொக்கோனியா என்ற பூஞ்சை கண்ணி வைப்பதில்லை, நூற்புழுவின் முட்டை ஓட்டைக் கரைத்துத் துளைக்கிறது. இங்கிலாந்தில் விடாமல் தானியமே விதைத்துவந்த வயல்களில் நூற்புழு பெருகாமல் குறைந்துகொண்டே போனது. ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிரையன் கெர்ரி காரணம் தேடியபோது, பெண்புழுவையும் முட்டையையும் அழித்த பூஞ்சைகளில் இதுவும் அகப்பட்டது. சித்தப்பாவின் பொட்டலத்தில் இருந்ததும் இந்த முட்டைத்தின்னி வகைதான்.

இவை செடிக்கு ஊட்டமும் தருகின்றன, அதனால் பெயருக்குள் 'ஊட்டம்' வர வேண்டும் என்று கேட்டவருக்கு: ஆசை நியாயமானது. பொக்கோனியா தக்காளி, பார்லி வேர்களுக்குள் நோய் உண்டாக்காமல் குடியிருக்கும், கரையாத மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்தும் கொடுக்கும். ஆனால் எல்லா நூற்புழுத்தின்னிகளும் இப்படி வேருக்குள் குடியிருப்பதில்லை. பல இனங்கள் புழுவைத் தின்பது தம் சொந்தத் தழைச்சத்துக்காக (நைட்ரஜன்). மட்கும் மரத்தில் கரிமம் கொட்டிக் கிடக்கிறது, தழைச்சத்துதான் பஞ்சம். நாம் வறுத்துத் தின்னும் சிப்பிக்காளானும் இந்தக் கணக்கில் நூற்புழுத்தின்னிதான், சைவர்கள் மன்னிக்க. மணிச்சத்தை வேருக்குக் கொண்டுவந்து கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டதற்கு வேர் உட்பூசணம் (மைக்கோரைசா) என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அது இருந்தால் நூற்புழுச் சேதமும் குறைவதுண்டு, ஆனால் அது புழுவைத் தின்பதில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், ஒன்றை வாங்கிவிட்டு மற்றதன் வேலையை எதிர்பார்ப்பார்கள்.

இன்னொன்று பாக்கி. நூற்புழு உண்டாக்கும் வீக்கமும் வேர்முடிச்சு, உளுந்து வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா கட்டுவதும் வேர்முடிச்சு. முன்னது வேரே தடித்துப்போவது, வேரைப் பிய்க்காமல் எடுக்க வராது. பின்னது விரலால் தேய்த்தால் உதிரும், வேலை செய்துகொண்டிருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பயறு வேரில் இருப்பதற்கு வேர்முண்டு என்ற சொல் புத்தகங்களில் உண்டு. அதையே நிலைநிறுத்திவிட்டு, முடிச்சைப் புழுவுக்கு விட்டுவிடலாமா? உங்கள் ஊரில் உளுந்து போடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.